ஒன்பது போர்ட்டபிள் டிஸ்க், அறுபதாயிரம் ரூபாய்: பேக்கப்புக்கு எதை வாங்குவது?

பாளையங்கோட்டையில் சின்ன ஸ்டூடியோ நடத்தும் ஒரு தம்பியின் கேள்வி இது. கல்யாணம், சடங்கு, காதுகுத்து என்று ஏழெட்டு வருடப் படங்களும் வீடியோக்களும் ஒன்பது போர்ட்டபிள் ஹார்ட் டிஸ்க்குகளில் சிதறிக் கிடக்கின்றன. மொத்தம் 7 டெராபைட். வருடத்துக்கு இரண்டரை டெராபைட் சேர்கிறது. அதில் ஒரு டிஸ்க் போன வாரத்திலிருந்து டக் டக் என்கிறது. கடையில் கேட்டால், "நாலு டிஸ்க் போடுகிற நாஸ் பெட்டி வாங்கி ரெய்டு 5 போட்டுவிடுங்கள், அப்புறம் பேக்கப்பே தேவையில்லை" என்கிறார்களாம். (நாஸ் என்பது நெட்வொர்க்கில் மாட்டிப் பல கணினிகள் பகிர்ந்துகொள்ளும் டிஸ்க் பெட்டி. ரெய்டு என்னவென்று பின்னால் சொல்கிறேன்.) கையில் இருப்பது 60,000 ரூபாய். "அண்ணாச்சி, எதை வாங்கட்டும்?"

வாங்குவதைப் பிறகு பேசலாம் தம்பி. முதலில் அந்த டக் டக் டிஸ்க்கைக் கழற்றி, மேலே 'தொடாதே' என்று சீட்டு ஒட்டித் தனியே எடுத்து வையுங்கள். உள்ளே சுழலும் தகட்டின் மேல் மயிரிழையைவிட மிக மிகக் குறைந்த உயரத்தில் மிதந்து எழுதிப் படிக்கிற ஹெட், தன் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் திரும்பத் திரும்பப் போய்வருகிற சத்தம் அது. "இன்னொரு தடவை போட்டுப் பார்ப்போமே" என்று மின்சாரம் கொடுக்கும் ஒவ்வொரு முறையும் தகட்டில் கீறல் விழும் வாய்ப்புக் கூடுகிறது. ஃப்ரிட்ஜில் வைத்தால் சரியாகும் என்று யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள், வெளியே எடுத்ததும் உள்ளே ஈரம் படியும். அதில் இருக்கும் நிகழ்ச்சிகள் வேறு எங்காவது இருக்கின்றனவா என்று தேடுங்கள்: ஆல்பம் அடித்த லேப், எடிட் செய்தவரின் கணினி, வீட்டுக்காரர்களுக்குக் கொடுத்த பென் டிரைவ். எங்குமே இல்லையென்றால் டேட்டா ரெக்கவரி செய்பவரிடம்தான் போக வேண்டும். அந்தச் செலவு பெரும்பாலும் ஒரு புது டிஸ்க்கின் விலையைத் தாண்டும். அந்தத் தொகையை மனதில் வைத்துக்கொண்டே மற்றதைப் படியுங்கள்.

இப்போது கடைக்காரர் சொன்ன ரெய்டு (RAID). 1988இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இந்தப் பெயரை வைத்தவர்கள், அதில் உள்ள 'ஐ' எழுத்துக்கு 'மலிவான' என்றுதான் பொருள் கொடுத்தார்கள். விலை அதிகமான ஒரு பெரிய டிஸ்க்குக்குப் பதில் மலிவான பல டிஸ்க்குகளைச் சேர்த்துக் கட்டி, அதில் ஒன்று செத்தாலும் வேலை நிற்காமல் ஓடச் செய்வது நோக்கம். அதாவது அது கடையைத் திறந்து வைத்திருப்பதற்கான ஏற்பாடு. நீங்கள் ஒரு ஃபோல்டரை அழித்தால், ரெய்டில் அது எல்லா டிஸ்க்கிலும் அதே நொடியில் அழியும். வைரஸ் பூட்டினால் எல்லாம் சேர்ந்து பூட்டிக்கொள்ளும். பெட்டியைத் திருடன் தூக்கிப் போனால் நாலும் ஒன்றாகவே போகும். மின்னழுத்தம் எகிறிப் பெட்டி கருகினாலும் அப்படித்தான்.

நான் பராமரித்து வந்த ஓர் அலுவலகத்தில் இரண்டு டிஸ்க் மிரர் போட்ட பெட்டி இருந்தது, அதாவது ஒன்றில் எழுதுவது மற்றதிலும் அப்படியே எழுதப்படும். நான்தான் போட்டுக் கொடுத்தேன், பெருமையாகவும் இருந்தது. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் புதிதாகச் சேர்ந்த பையன் இடம் போதவில்லை என்று 'பழையது' என்ற பெயரில் இருந்த ஃபோல்டரை அழித்தான். அந்தப் பெயரில்தான் நான்கு வருடக் கணக்கு இருந்தது. இரண்டு டிஸ்க்கும் பச்சை விளக்கு எரிய, சுத்தமாக, நல்ல ஆரோக்கியத்துடன், காலியாக இருந்தன. அந்தப் பையன் மேல் தப்பில்லை. மிரரையே பேக்கப் என்று எண்ணிக்கொண்டது நான்.

ரெய்டு 5க்கு இன்னொரு தொல்லையும் உண்டு. ஒரே நாளில், ஒரே கடையில், ஒரே பெட்டியிலிருந்து எடுத்த நாலு டிஸ்க்கும் ஒரே மாதிரி உழைத்து ஒரே காலத்தில் கிழடாகும். ஒன்று செத்ததும் புதிதாக ஒன்றைப் போட்டால், மிச்ச மூன்றையும் முதல் பிட்டிலிருந்து கடைசி பிட் வரை படித்துத்தான் அது நிரம்ப வேண்டும். பல மணி நேரம், சில சமயம் ஒரு நாளுக்கு மேலும் ஆகும். மூன்று கிழவர்களை மலை ஏறச் சொல்லும் நேரம் அது. நடுவில் இன்னொன்று உட்கார்ந்தால் மொத்தமும் போச்சு.

சரி, டிஸ்க்குகள் உண்மையில் எவ்வளவு அடிக்கடி சாகின்றன? அமெரிக்காவில் பேக்பிளேஸ் என்ற நிறுவனம் தன் டேட்டா சென்டர் டிஸ்க்குகளின் கணக்கை 2013 முதல் எடுத்துவைத்துப் பொதுவில் வெளியிடுகிறது. லட்சக்கணக்கான டிஸ்க்குகள். சமீப ஆண்டுகளில் வருடத்துக்கு நூற்றுக்கு ஒன்றரை என்ற அளவில் சாகின்றன. கேட்க ரொம்பக் குறைவு. ஆனால் உங்களிடம் ஒன்பது இருக்கின்றன. அந்த விகிதத்தில் கணக்குப் போட்டால்கூட, ஒன்பதில் ஒன்றாவது ஒரு வருடத்தில் போக ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு வாய்ப்பு. அதுவும் குளிரூட்டிய அறையில் ஆணி அடித்தாற்போல் நிற்கும் டிஸ்க்குகளின் கணக்கு. மண்டபத்திலிருந்து மண்டபத்துக்கு கேமரா பையில் குலுங்கிப் போகும் போர்ட்டபிளுக்கு அந்த விகிதம் பொருந்தாது. போதாக்குறைக்கு, பல போர்ட்டபிள்களில் யூஎஸ்பி துவாரம் டிஸ்க்கின் பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். துவாரம் உடைந்தால் டிஸ்க்கைக் கழற்றி வேறு பெட்டியில் மாட்டவும் முடியாது.

ஆகையால் சாகாத டிஸ்க்கைத் தேடி அலைய வேண்டாம், அப்படி ஒன்று விற்பனைக்கு இல்லை. எது செத்தாலும் இன்னொன்று வேறு இடத்தில் இருக்கும்படி பணத்தைப் பிரித்துப் போடுங்கள். இதைத்தான் 3-2-1 என்பார்கள்: மூன்று பிரதி, இரண்டு வகைச் சேமிப்பு, ஒன்று வேறு ஊரிலோ வேறு கட்டடத்திலோ. இந்தச் சூத்திரத்தைப் பரப்பியவர் பீட்டர் க்ரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர். கணினி ஆள் இல்லை, உங்கள் தொழில்காரர்தான்.

அந்த 'ஒன்று' ஏன் முக்கியம் என்று உங்கள் ஊருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2023 டிசம்பர் 17, 18இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணி திருநெல்வேலி ஜங்ஷன் பகுதிக்குள்ளேயே வந்தது. தரைத்தளக் கடையில் மேசைக்கு அடியில் இருந்த பெட்டி என்ன விலையாக இருந்தாலும் தண்ணீருக்கு ஒன்றுதான். பெரிய நிறுவனங்களும் இதற்கு விலக்கில்லை. 2021 மார்ச்சில் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் டேட்டா சென்டர் கட்டடம் ஒன்று முழுக்க எரிந்தது. பேக்கப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்த வாடிக்கையாளர்கள் இரண்டையும் சேர்த்து இழந்தார்கள்.

வாங்குவதற்கு முன் இன்னொரு வேலை: குறையுங்கள். மலிவான சேமிப்பு என்பதில் பாதி, சேமிக்க வேண்டாததைச் சேமிக்காமல் இருப்பதுதான். ஒன்பது டிஸ்க் வைத்திருக்கும் ஸ்டூடியோவில் ஒரே நிகழ்ச்சி மூன்று டிஸ்க்கில் 'புதிய ஃபோல்டர்', 'புதிய ஃபோல்டர் 2' என்று கிடக்காமல் இருக்காது. நான் பார்த்தவரை இருந்திருக்கிறது. அதைக் களைந்தாலே கணிசமாகக் குறையும். அடுத்தது, ஆல்பம் கொடுத்து மூன்று வருடம் ஆன கல்யாணத்தின் 4கே வீடியோத் துண்டுகள். முடித்துக் கொடுத்த படமும் தேர்ந்தெடுத்த புகைப்படங்களும் வேறு தரம், எடிட்டில் விழுந்த துண்டுகள் வேறு தரம். 'ஆல்பம் கொடுத்த பிறகு ஒரு வருடம் வரை ஒரிஜினல்களை வைத்திருப்போம்' என்று பில்லிலேயே ஒரு வரி அடித்துவிடுங்கள். சண்டை வராது, டிஸ்க்கும் நிறையாது. ஆனால் இந்தக் களையெடுப்பைப் புது டிஸ்க்கில் காப்பி எடுத்த பிறகு, அந்தக் காப்பியில் செய்யுங்கள். பழைய டிஸ்க்கில் எதையும் அழிக்க வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன்.

60,000 ரூபாயில் என் யோசனை இது. நாஸ் வேண்டாம். 8 டெராபைட்டில் மூன்றரை அங்குல டிஸ்க் இரண்டு வாங்குங்கள். ஒன்று ஸ்டூடியோ கணினிக்குள் மாட்டுவதற்கு, அதுதான் இனி உங்கள் மூலப் பெட்டகம். இன்னொன்று வெளியே யூஎஸ்பியில் மாட்டுகிற பேக்கப். மூன்றாவது பிரதிக்கு இந்த வருடம் காசு செலவழிக்கவே வேண்டாம். காப்பி எடுத்து முடித்த உங்கள் எட்டு பழைய போர்ட்டபிள்களே மூன்றாவது பிரதி. அவற்றை அழிக்காமல், ஒவ்வொன்றிலும் என்ன இருக்கிறது என்று சீட்டு ஒட்டி, ஒரு டப்பாவில் போட்டு வேறு ஊரில் இருக்கும் அக்கா வீட்டிலோ மாமனார் வீட்டிலோ கொண்டுபோய் வையுங்கள். அதே ஆற்றங்கரையில் இருக்கிற வீடாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காலியிடம் இருக்கும் ஒன்றிரண்டை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, இனி வரும் நிகழ்ச்சிகளை அதிலும் ஒரு காப்பி போட்டு, ஊருக்குப் போகும்போது மாற்றிக்கொள்ளலாம். அடுத்த வருடம் வருமானத்தைப் பார்த்து மூன்றாவது 8 டெராபைட் வாங்கியதும் பழையவற்றுக்கு விடை கொடுங்கள். மீதிப் பணத்தில் கணினிக்கு ஒரு யூபிஎஸ், பிறகு கொஞ்சம் கிளவுட்.

8 டெராபைட் என்று அட்டையில் இருப்பது விண்டோஸில் 7.27 என்று காட்டும். ஏமாற்று இல்லை, அவர்கள் ஆயிரத்தால் வகுக்கிறார்கள், விண்டோஸ் 1024ஆல் வகுக்கிறது. உங்களுடைய 7 டெராபைட் விண்டோஸ் காட்டிய 7 என்றால், களையெடுக்காமல் போட்டால் முதல் நாளே டிஸ்க் விளிம்பு வரை நிறைந்துவிடும். குறையுங்கள் என்று இவ்வளவு வலியுறுத்தியது அதனால்தான்.

எந்த டிஸ்க் என்பதில் கடையில் யாரும் சொல்லாத ஒன்று இருக்கிறது. டிஸ்க்குகள் எழுதும் முறையில் இரண்டு ஜாதி: சிஎம்ஆர், எஸ்எம்ஆர். சிஎம்ஆரில் தகவல் எழுதப்படும் தடங்கள் வயல் வரப்பு மாதிரி தனித்தனியாக இருக்கும். எஸ்எம்ஆரில் கூரைக்கு ஓடு வேய்ந்தாற்போல் ஒரு தடத்தின் மேல் அடுத்தது பாதி ஏறியிருக்கும். அதனால் அதே தகட்டில் அதிகம் எழுதலாம், விலையும் குறையும். ஆனால் நடுவில் ஓர் ஓடு மாற்ற வேண்டுமென்றால் அதன் மேல் ஏறியிருக்கும் ஓடுகளையும் எடுத்துத் திரும்ப அடுக்க வேண்டும் அல்லவா, அந்த வேலையை டிஸ்க் உள்ளுக்குள் செய்துகொண்டிருக்கும். முதல் சில ஜிபி பறக்கும், அப்புறம் மாட்டுவண்டி வேகம். 2020 ஏப்ரலில், நாஸுக்கென்றே டபிள்யூடி (வெஸ்டர்ன் டிஜிட்டல்) நிறுவனம் விற்ற ரெட் வரிசையில் 2 முதல் 6 டெராபைட் வரையான சில டிஸ்க்குகள் எஸ்எம்ஆர் என்பது வெளியே வந்து பெரிய சத்தம் ஆனது. வாங்கியவர்களுக்கு அதுவரை சொல்லப்படவில்லை. அந்த வருடமே நிறுவனம் சிஎம்ஆர் டிஸ்க்குகளுக்கு 'ரெட் பிளஸ்' என்று தனிப் பெயர் வைத்தது. இன்னொரு நிறுவனமான சீகேட்டில் ஐயன்வுல்ஃப் வரிசை சிஎம்ஆர். பாரகுடா வரிசையில் உள்ள பெரிய அளவுகள் பலவும் எஸ்எம்ஆர்.

உங்களுக்கு இதில் என்ன வேண்டும்? கணினிக்குள் மாட்டுவது, தினம் எழுதி அழிக்கப்படுவது, சிஎம்ஆராகவே இருக்கட்டும். வெளியே வைக்கும் பேக்கப் டிஸ்க்கில் ஒரு முறை எழுதிவிட்டுச் சும்மா வைக்கப் போகிறீர்கள், அது எஸ்எம்ஆராக இருந்தாலும் குடி முழுகாது. மெதுவாக எழுதும், இரவில் ஓடவிட்டுத் தூங்கப் போங்கள். ரெய்டில் மட்டும் எஸ்எம்ஆரைச் சேர்க்கவே கூடாது. வாங்கும் முன் மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு நிறுவனத்தின் தளத்தில் பாருங்கள், இப்போது வெளிப்படையாகப் போட்டிருக்கிறார்கள்.

வெளியே மாட்டுவதற்கு அடாப்டரோடு வரும் பெரிய எக்ஸ்டர்னல் டிஸ்க்கும் வாங்கலாம், வெறும் டிஸ்க் வாங்கி யூஎஸ்பி டாக்கில் செருகியும் பயன்படுத்தலாம். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். டாக் போனால் வேறு டாக், டிஸ்க் போனால் வேறு டிஸ்க். நாஸுக்கான டிஸ்க்குகளுக்கு வாரண்டி பொதுவாக 3 வருடம், புரோ வரிசைக்கு 5. எதை வாங்கினாலும் அடாப்டரில் டிஸ்க்கின் பெயரை எழுதி ஒட்டுங்கள். மூன்றரை அங்குல டிஸ்க்குக்கு 12 வோல்ட், லேப்டாப் அடாப்டர் பெரும்பாலும் 19 வோல்ட், சில சமயம் இரண்டின் முனையும் ஒரே துவாரத்தில் போகும். அவசரத்தில் அப்படிச் செருகி ஒரு டிஸ்க்கை நானே எரித்திருக்கிறேன். ஒரு நொடி, லேசான கருகல் வாடை, அவ்வளவுதான்.

வாரண்டி என்றால் வேறு டிஸ்க் தருவார்கள், படங்களைத் தர மாட்டார்கள். அதோடு பழைய டிஸ்க்கைக் கொடுத்துவிட வேண்டும், உள்ளே யார் வீட்டுப் பெண்களின் படங்களோ இருக்கும். விண்டோஸ் புரோ இருந்தால் பிட்லாக்கர், இல்லையென்றால் வெராகிரிப்ட் என்ற நிரல் போட்டுப் பூட்டி வையுங்கள். ரெக்கவரி கீயையோ பாஸ்வேர்டையோ தாளில் எழுதிப் பீரோவில் வையுங்கள். தொலைத்தால் உங்களுக்கும் திறக்காது.

'புத்தம் புதிது, பாதி விலை' என்று வந்தால் நில்லுங்கள். 2025 தொடக்கத்தில் ஜெர்மனியில், ஏற்கனவே ஆயிரக்கணக்கான மணி நேரம் ஓடிய சீகேட் டிஸ்க்குகள் புதிது என்று விற்பனையானது தெரியவந்தது. ஓடிய மணி நேரத்தைக் காட்டும் ஸ்மார்ட் கணக்கை யாரோ பூஜ்ஜியம் ஆக்கியிருந்தார்கள். சீகேட் டிஸ்க்குகளுக்குள் ஃபார்ம் என்று தனியாக இருக்கும் இன்னொரு பதிவு காட்டிக்கொடுத்தது. வாங்கியதும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற நிரலைப் போட்டு 5, 197, 198 ஆகிய எண்களுக்கு எதிரே பூஜ்ஜியம் இருக்கிறதா என்று பாருங்கள். கெட்டுப்போன, கெடப்போகிற இடங்களின் எண்ணிக்கை அவை. பூஜ்ஜியமாக இருந்தது ஏற ஆரம்பித்தால் டிஸ்க் கிளம்பத் தயாராகிறது என்று அர்த்தம். பழைய எட்டையும் இப்படிச் சோதித்துவிடுங்கள். ஆனால் பூஜ்ஜியம் என்பது நல்ல நடத்தைச் சான்றிதழ் இல்லை, எல்லாம் பூஜ்ஜியமாக இருந்து ஒரே நாளில் செத்த டிஸ்க்குகளும் உண்டு. இணையத்தில் ஆயிரம் இரண்டாயிரத்துக்கு '16 டிபி எஸ்எஸ்டி' (சுழலும் தகடு இல்லாமல் சிப்பில் எழுதும் டிஸ்க்) என்று வருவதெல்லாம் உள்ளே சின்ன மெமரி கார்டு ஒட்டிய டப்பா. நிறைந்த பிறகு எழுதியதன் மேலேயே எழுதும், பிழைச் செய்தியும் வராது. எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச நிரல் முழுக்க எழுதி, திரும்பப் படித்து, குட்டை உடைத்துவிடும்.

உண்மையான எஸ்எஸ்டி பற்றியும் கேட்பீர்கள். எடிட் செய்ய அருமை, பீரோவில் வைக்க உகந்ததில்லை. எஸ்எஸ்டியில் தகவல் மின்னூட்டமாகத்தான் நிற்கிறது, காலப்போக்கில் கசியும். ஜெடெக் என்ற அமைப்பு வகுத்த தரநிலைப்படி, எழுதும் ஆயுள் முடிந்த சாதாரண எஸ்எஸ்டி மின்சாரம் இல்லாமல் 30 டிகிரியில் ஒரு வருடம் தாங்க வேண்டும், அவ்வளவே எதிர்பார்க்கப்படுகிறது. புது எஸ்எஸ்டி அதைவிட நன்றாகவே தாங்கும். ஆனால் உங்கள் ஊர் மே மாதத்தில் மூடிய பீரோவுக்குள் எத்தனை டிகிரி? ஹார்ட் டிஸ்க்கே போதும். அதையும் வருடக் கணக்கில் தூங்கவிடாமல் ஐந்தாறு மாதத்துக்கு ஒரு தடவை மாட்டி ஓடவிடுங்கள். லென்ஸில் பூஞ்சை பிடிக்காமல் இருக்க டிரை கேபினட் வைத்திருப்பீர்களே, அதில் ஓர் ஓரத்தில் டிஸ்க்குக்கும் இடம் கொடுங்கள். எல்டிஓ எனப்படும் காந்த நாடா டேப் நல்ல சாமான்தான், ஒரு கேட்ரிஜில் 18 டெராபைட்டும் அதற்கு மேலும் போகும், ஆனால் அதைப் படிக்கும் டிரைவின் விலை லட்சங்களில். விட்டுவிடுவோம்.

கிளவுடில் எல்லாவற்றையும் ஏற்ற நினைக்காதீர்கள். 7 டெராபைட்டை 30 எம்பிபிஎஸ் அப்லோடில் இரவு பகலாக ஏற்றினால் மூன்று வாரத்துக்கு மேல் ஆகும். அன்லிமிடெட் என்று சொல்லும் பல ப்ராட்பேண்ட் திட்டங்களில் மாதம் 3300 ஜிபி தாண்டினால் வேகத்தை இறக்கிவிடுவார்கள், ஏற்றுவதும் அந்தக் கணக்கில்தான். முடித்துக் கொடுத்த வீடியோக்கள், தேர்ந்தெடுத்த படங்கள் மட்டும் என்றால் 800 ஜிபி வருமா? அது இரண்டரை நாள் வேலை. அதை மட்டும் ஏற்றுங்கள். கூகுளின் 2 டெராபைட் போன்ற திட்டம் போதும். அமேசான் கிளேசியர் டீப் ஆர்க்கைவ் மாதிரி 'குளிர்' சேமிப்புகளும் உண்டு. வைத்திருக்க வாடகை மிகக் குறைவு, திரும்ப எடுக்கத்தான் காசு, அதுவும் கேட்டதிலிருந்து 12 மணி முதல் 48 மணி நேரம் வரை காத்திருக்க வேண்டும். இறக்கும் கட்டணத்தைப் பார்க்காமல் ஏறியவர்கள் பின்னால் பில்லைப் பார்த்து முழிப்பார்கள். எந்தக் கிளவுடிலும் ஒன்றைக் கவனியுங்கள்: கணினியில் உள்ள ஃபோல்டரோடு 'சிங்க்' ஆகும்படி வைத்தால், இங்கே அழிப்பது அங்கேயும் அழியும். கூகுள் டிரைவின் குப்பைத்தொட்டி 30 நாளில் தானாகக் காலியாகிவிடும். பிரவுசர் வழியே நேரடியாக ஏற்றிவிட்டு விட்டுவிடுவதே உங்களுக்கு நல்லது.

காப்பி எடுக்கும் முறை. இழுத்துப் போட்டுக் காப்பி எடுக்கிற பழக்கத்தை விடுங்கள், நடுவில் கரண்ட் போனால் எது வந்தது, எது வரவில்லை என்று தெரியாது. முதல் பெரிய காப்பிக்கு டெராகாப்பி என்ற நிரல், அதில் 'வெரிஃபை' கட்டாயம் போடுங்கள். எழுதியதைத் திரும்பப் படித்து ஒப்பிடும். அதற்குப் பிறகு வாரா வாரம் ஃப்ரீஃபைல்சிங்க் என்ற நிரல். அதில் 'மிரர்' வைத்தால் மூலத்தில் அழித்தது பேக்கப்பிலும் அழியும், ஆகவே அழிந்தவற்றை வேறு ஃபோல்டருக்கு நகர்த்தும் 'வெர்ஷனிங்' வசதியை இயக்கிவிடுங்கள். அந்தச் சனிக்கிழமைப் பையன் உங்கள் ஸ்டூடியோவிலும் ஒரு நாள் வேலைக்குச் சேருவான்.

காப்பி முடிந்ததும் டிஸ்க்கைப் பிடுங்கிவிடுங்கள். இதுவும் காசு செலவில்லாத யோசனைதான். மாட்டியே இருக்கும் பேக்கப்பை, ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் வைரஸ் முதலில் தேடும். 2017 மேயில் வன்னாக்ரை என்ற ரேன்சம்வேர் வந்தபோது கணினியோடு இணைந்திருந்த எக்ஸ்டர்னல் டிஸ்க்குகளையும் சேர்த்துப் பூட்டியது. நாஸ் பெட்டிகளையே குறிவைத்தும் வந்திருக்கின்றன. கியூநேப் நிறுவனத்தின் பெட்டிகளை 2021 ஏப்ரலில் கியூலாக்கரும் 2022 ஜனவரியில் டெட்போல்ட்டும் பூட்டின, இணையத்துக்குக் கதவு திறந்து வைத்திருந்தவர்கள் மாட்டினார்கள். 2021 ஜூனில் டபிள்யூடியின் மை புக் லைவ் பெட்டிகள் உலகம் முழுக்க ஒரே நேரத்தில் தூரத்திலிருந்தே வெறுமையாக்கப்பட்டன. வீட்டு மேசையில் பத்திரமாக இருக்கிறது என்று நினைத்தவர்கள் காலையில் எழுந்து பார்த்தால் காலி. பீரோவில் பிடுங்கி வைத்த டிஸ்க்கை இவற்றில் எதுவும் தொட்டிருக்க முடியாது.

அடுத்தது, திரும்ப எடுத்துப் பார்ப்பது. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் டேட்டாபேஸ் ஃபோல்டரை அழித்தார். மென்பொருள் ஆட்களின் நிறுவனம், ஐந்து விதமான பேக்கப் ஏற்பாடு வைத்திருந்தார்கள். ஐந்தில் ஒன்றும் நம்பும்படி வேலை செய்யவில்லை. தற்செயலாக ஆறு மணி நேரம் முன்பு எடுக்கப்பட்டிருந்த ஒரு ஸ்னாப்ஷாட்தான் (அந்த நேரத்து நிலையின் பிரதி) காப்பாற்றியது. அதை அவர்களே வெளிப்படையாக எழுதினார்கள். மாதம் ஒரு தடவை பேக்கப் டிஸ்க்கிலிருந்து ஏதாவது ஒரு கல்யாணத்தை வேறு இடத்துக்கு இறக்கி, பத்துப் படத்தை முழு அளவில் திறந்து பாருங்கள். சின்னப் படங்கள் வரிசையாகத் தெரிகின்றன என்று திருப்திப்பட்டுவிடாதீர்கள். ரா ஃபைலுக்குள் (கேமரா பதிவு செய்த மூலப் படம்) ஒட்டியிருக்கும் சின்ன ஜேபெக்கைத்தான் அது காட்டும், பின்னால் உள்ள ரா சிதைந்திருந்தாலும் அது அழகாகத் தெரியும். படம் திருத்தும் லைட்ரூம் நிரலை மூடும்போது 'பேக்கப்' என்று கேட்குமே, அது திருத்தக் குறிப்புகள் இருக்கும் கேட்டலாக்கை மட்டும்தான் காப்பி எடுக்கிறது, படங்களை இல்லை. இதில் ஏமாந்தவர்கள் உங்கள் தொழிலில் நிறையப் பேர்.

உண்மையில் ஒரு நிகழ்ச்சிக்கு ஆபத்தான நேரம் முகூர்த்தம் முடிந்த அந்த இரவுதான். எல்லாம் கார்டில் மட்டும் இருக்கும், ஆளுக்கோ தூக்கக் கலக்கம். இரண்டு கார்டு போடும் கேமரா என்றால் இரண்டிலும் எழுதும்படி வையுங்கள். கார்டில் இருப்பது இரண்டு வெவ்வேறு டிஸ்க்கில் ஏறும் வரை ஃபார்மெட் செய்யாதீர்கள். அடுத்த நாள் இன்னொரு கல்யாணம், கார்டு இல்லை என்றால் புதிதாக ஒன்று வாங்குங்கள்.

நாஸே கூடாதா என்றால், அப்படிச் சொல்லவில்லை. இரண்டு மூன்று எடிட்டர்கள் ஒரே நேரத்தில் ஒரே ஃபைல்களில் வேலை செய்யும் நாள் வந்தால் வாங்குங்கள். அப்போதும் இரண்டு டிஸ்க் பெட்டி, ரெய்டு 1 (அதாவது மிரர்), இணையத்துக்குத் திறக்காமல். அதன் பேக்கப்புக்கு இதே பிடுங்கி வைக்கும் டிஸ்க்.

எதிலிருந்து காப்பி ஆரம்பிப்பது என்று யோசிப்பீர்கள். வேறு எங்கும் இல்லாத நிகழ்ச்சிகள் இருக்கும் டிஸ்க் முதலில், பிறகு வயதில் மூத்தது, பிறகு மற்றவை. ஒரு நேரத்தில் ஒன்று மட்டும், கணினியின் பின்பக்கத் துவாரத்தில், யூபிஎஸ் வழியாக, மேல் ஒரு சின்ன ஃபேன் காற்று படும்படி. எட்டும் முடிய மூன்று நாலு நாள் ஆகும். அந்த நாலு நாளில் முகூர்த்தம் இல்லாத வாரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். டக் டக் டிஸ்க்கில் வேறெங்கும் இல்லாத கல்யாணம் ஏதாவது இருந்தால் அதன் மாடல் எண்ணை எனக்கு எழுதுங்கள், திறக்க மட்டும் முயலாதீர்கள்.